அரசு சார் கிராம வங்கிகள்: திருவிதாங்கூரிலும் கேரளத்திலும்

அரசின் பங்கு மூலதனத்தோடும் தனிச் சட்டத்தின் பாதுகாப்போடும், சிறு விவசாயி, விவசாயக் கூலி, நெசவாளி, கைவினைஞர், சிறு வியாபாரி ஆகியோருக்குக் கடன் தருவதற்கென்றே நிறுவப்படும் வங்கி அரசு சார் கிராம வங்கி எனப்படும். இந்தியாவில் இவ்வங்கிகள் 1975 அக்டோபர் 2 முதல் இயங்கிவருகின்றன. 1976ஆம் ஆண்டின் வட்டார கிராம வங்கிகள் சட்டம் இவற்றை ஆள்கிறது. ஒவ்வொரு வங்கியின் மூலதனத்திலும் மத்திய அரசுக்கு 50 விழுக்காடும், ஆதரவு வங்கி எனப்படும் வணிக வங்கிக்கு 35 விழுக்காடும், மாநில அரசுக்கு 15 விழுக்காடும் பங்கு உண்டு. கேரளத்தில் கேரள கிராமின் வங்கியும், தமிழ்நாட்டில் தமிழ்நாடு கிராம வங்கியும், புதுச்சேரியில் புதுவை பாரதியார் கிராம வங்கி என்ற பெயரில் தொடங்கிய வங்கியும் இவ்வகையைச் சேர்ந்தவை.

கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்குபவரே உறுப்பினர். பங்குத் தொகை கட்டுகிறார், நிர்வாகக் குழுவுக்கு வாக்களிக்கிறார். கிராம வங்கியில் அப்படியில்லை. வாடிக்கையாளருக்கு அதில் பங்கும் கிடையாது, வாக்கும் கிடையாது. அந்த ஊர்ச் செல்வாக்குள்ளவர்கள் கடன் யாருக்கு என்று தீர்மானிக்க முடியாதபடி இருப்பதுதான் இதன் அனுகூலம். அந்த ஊர் மக்கள் கேள்வி கேட்க முடியாதபடி இருப்பது இதன் குறை. இரண்டையும் சீர்தூக்கினால் அனுகூலமே பெரிது.

திருவிதாங்கூரின் கடன் உலகம்

கிராம வங்கியின் வரலாறு பொதுவாக 1975இல் தொடங்குவதாக எழுதப்படுகிறது. கேரளத்தைப் பொறுத்தவரை அதை 1865இல் தொடங்குவதே பொருத்தம். அவ்வாண்டு ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், திவான் டி. மாதவ ராவ் காலத்தில், பண்டாரப் பாட்ட விளம்பரம் எனப்படும் அறிவிப்பு வெளியானது. திருவிதாங்கூரில் சர்க்காருக்குச் சொந்தமான பண்டாரவகை நிலம் மிகுதி. அதைப் பாட்டத்துக்கு உழுதுவந்த குடியானவர்களுக்கு அந்த நிலத்தின்மேல் முழு உரிமையை இந்த அறிவிப்பு வழங்கியது. வரி கட்டும்வரை அவர்களை வெளியேற்ற முடியாது. நிலத்தை விற்கலாம், பிள்ளைகளுக்கு விடலாம், ஒற்றிக்கு வைக்கலாம். இரண்டாண்டு கழித்து, 1867இல், ஜன்மிகள் எனப்படும் பரம்பரை நிலவுடைமையாளர்களின் நிலத்தில் இருந்த குடிகளுக்கும் ஓரளவு பாதுகாப்பு கிடைத்தது.

நில உரிமை வரலாறாக மட்டுமே இதைப் பலரும் படிக்கிறார்கள். கடன் வரலாற்றிலும் இது முதல் படி. பத்திரம் கையில் இல்லாதவனுக்கு நகையை வைத்தோ, விளையப்போகும் நெல்லைக் காட்டியோதான் கடன் கிடைக்கும். பத்திரம் வந்ததும் அவனுக்குப் பெருந்தொகை கடன் தர ஆள் கிடைக்கிறது. அந்தக் கடனாலேயே நிலம் கைமாறவும் செய்கிறது. திருவிதாங்கூரில் இரண்டுமே நடந்தன. மத்தியத் திருவிதாங்கூரில் தென்னையும், மலையோரத்தில் மிளகும், பின்னர் ரப்பரும் பரவுவதற்குத் தேவையான முதல் இப்படித்தான் புரண்டது.

தலைநகர் திருவனந்தபுரத்தில் பணம் புழங்கிய இடம் சாலை பஜார். ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்படுத்திய இந்தக் கடைவீதியில் தமிழ் வணிகர்கள் பெருமளவில் இருந்தார்கள். பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்த கோட்டைக்குள் சர்க்கார் உத்தியோகஸ்தர்களும் தமிழ்ப் பிராமணக் குடும்பங்களும் குடியிருந்தனர். கோட்டைக்குத் தெற்கே வராகமூர்த்தி கோயிலையும் அதன் பெரிய குளத்தையும் சுற்றி அமைந்த ஸ்ரீவராகம், அதையடுத்த மணக்காடு, ஆற்றுக்கால் ஆகியவை இன்று மாநகராட்சியின் நெருக்கமான வார்டுகள். வயலும் தோப்பும் இருந்த காலத்தில் அவை நகரத்துக்கு நெல்லும் தேங்காயும் அனுப்பிய ஓரப்பகுதிகள். நகரத்தின் பணமும் ஓரத்தின் விளைச்சலும் சந்தித்த இடத்தில் கடன் பிறந்தது. தெற்கே நாஞ்சில் நாட்டில் நெல்லே பணமாக ஓடியது. விதைப்புக்கு வாங்கிய நெல்லை அறுப்பில் கூடுதலாக அளந்து கொடுப்பது வழக்கம்.

வங்கி வருவதற்கு முன்பே மக்களிடம் சேமிப்புக்கும் கடனுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. அதுதான் சிட்டி, கொச்சியிலும் மலபாரிலும் குறி என்பார்கள், தமிழில் சீட்டு. மாதம்தோறும் ஆளுக்கு ஒரு தொகை போட்டு, ஏலத்தில் கழிவு கேட்பவருக்கோ குலுக்கலில் பெயர் விழுந்தவருக்கோ மொத்தத் தொகையையும் கொடுக்கும் முறை. கல்யாணமும் வீடும் வயலும் இதனால் முடிந்தன. சீட்டை நடத்தும் தலையாள் ஓடிப்போனால் எல்லாம் போயிற்று. அந்த அச்சத்தைப் போக்க அரசே சீட்டு நடத்தலாம் என்ற முடிவுக்குக் கேரளம் 1969இல் வந்தது. திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு அவ்வாண்டு நிறுவப்பட்ட கேரள மாநில நிதி நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. இன்றும் அதைச் செய்கிறது. கிராம வங்கி வரலாற்றில் இந்த நிறுவனத்துக்கு ஓர் இடம் உண்டு. பெரும்பாலான நூல்கள் அதைத் தருவதில்லை.

தனியார் வங்கிகளின் எழுச்சியும் 1938ஆம் ஆண்டு வீழ்ச்சியும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரில் வங்கிகள் முளைத்த வேகம் இந்தியாவில் வேறெங்கும் காணாதது. திருவல்லாவிலும் கோட்டயத்திலும் கொல்லத்திலும் பாலாவிலும் குடும்பங்களும் சபைகளும் சமுதாயங்களும் வங்கி தொடங்கின. 1930களுக்குள் அவற்றின் எண்ணிக்கை நூற்றைத் தாண்டிவிட்டது. பல வங்கிகள் சிட்டி நடத்துபவர்கள் பெயர்ப் பலகையை மாற்றி எழுதியவையே. ஒரு வீட்டின் முன்னறையும் ஓர் இரும்புப் பெட்டியும் ஒரு கணக்கப்பிள்ளையும் இருந்தால் வங்கி.

இவற்றில் பெரியவை இரண்டு. கே. சி. மாம்மன் மாப்பிள்ளை 1912இல் திருவல்லாவில் தொடங்கிய திருவிதாங்கூர் நேஷனல் வங்கி ஒன்று, சி. பி. மாத்தனின் கொல்லம் (குயிலோன்) வங்கி மற்றொன்று. 1937இல் இரண்டும் இணைந்து திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலோன் வங்கி ஆயின. சுதேச சமஸ்தானத்தில் பிறந்து பிரிட்டிஷ் இந்தியாவிலும் கிளை பரப்பிய அந்த வங்கி 1938 ஜூனில் பணம் கொடுப்பதை நிறுத்தியது. மாம்மன் மாப்பிள்ளையும் மாத்தனும் கைதாகிச் சிறை சென்றார்கள். மாப்பிள்ளை குடும்பத்தின் மலையாள மனோரமா நாளிதழ் அதே ஆண்டு மூடப்பட்டது. திவான் சி. பி. ராமசாமி ஐயருக்கும் பொறுப்பாட்சி கோரிய ஸ்டேட் காங்கிரஸ் கட்சிக்கும் இடையே இருந்த பகையே வங்கியைக் கவிழ்த்தது என்று ஒரு சாரார் எழுதியுள்ளனர். வங்கியின் கணக்குகளே அதைக் கவிழ்த்தன என்று இன்னொரு சாரார். வங்கிமேல் நம்பிக்கை கலைக்கப்பட்ட விதத்தையும் அந்த வேகத்தையும் பார்க்கும்போது முதல் கருத்தே வலுவானது.

யார் காரணமாயினும், அடிபட்டவர் பணம் போட்டவர். திருவிதாங்கூரில் ஒரு தலைமுறை வங்கியைச் சந்தேகத்தோடு பார்த்தது. அந்த வெற்றிடத்தில்தான் 1945இல் அரசின் ஆதரவோடு திருவிதாங்கூர் வங்கி லிமிடெட் பிறந்தது. மூலதனத்தில் கால் பங்கை மட்டுமே சமஸ்தானம் போட்டது. ஆயினும் கருவூலப் பணிகள் அதன் வசம் வந்ததால், மக்கள் கண்ணில் அது சர்க்கார் வங்கிதான். பின்னர் நாடு முழுவதும் வந்த கிராம வங்கிகளில் கண்ட அதே உண்மை இங்கே முதலில் தெரிந்தது. அரசின் பங்கு எவ்வளவு என்பதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, அரசு இருக்கிறது என்ற ஒன்றே பணத்தைக் கொண்டுவருகிறது.

1960 ஆகஸ்டில் பாலா சென்ட்ரல் வங்கி வீழ்ந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1960 ஜனவரியில், திருவிதாங்கூர் வங்கி பாரத ஸ்டேட் வங்கியின் துணை வங்கியாகித் திருவாங்கூர் ஸ்டேட் வங்கி என்ற பெயரைப் பெற்றிருந்தது. பாலா வீழ்ச்சிக்குப் பின் ரிசர்வ் வங்கி தள்ளாடிய சிறு வங்கிகளை ஒவ்வொன்றாகப் பெரிய வங்கிகளோடு இணைத்தது. திருவாங்கூர் ஃபார்வர்டு வங்கி, கோட்டயம் ஓரியண்ட் வங்கி, பேங்க் ஆஃப் நியூ இந்தியா ஆகியவை 1961இல் திருவாங்கூர் ஸ்டேட் வங்கியில் கலந்தன. திருவனந்தபுரம் பூஜப்புரையில் தலைமையகம் கொண்டிருந்த அந்த வங்கியும் 2017 ஏப்ரல் 1 அன்று பாரத ஸ்டேட் வங்கியில் கரைந்தது.

கூட்டுறவு என்னும் முதல் முயற்சி

பிரிட்டிஷ் இந்தியாவில் கிராமக் கடனுக்கு அரசு செய்த முதல் ஏற்பாடு தக்காவிக் கடன். 1875இல் தக்காணத்தில் விவசாயிகள் வட்டிக்காரர்களின் வீடுகளைத் தாக்கிக் கடன் பத்திரங்களைக் கொளுத்திய கலகத்துக்குப் பிறகு, 1883இல் நில மேம்பாட்டுக் கடன் சட்டமும் 1884இல் விவசாயிகள் கடன் சட்டமும் வந்தன. கிணறு வெட்டவும், மாடும் விதையும் வாங்கவும் தாசில்தார் மூலம் பணம். மனுப் போட்டு, கணக்குப்பிள்ளையையும் ரெவின்யூ இன்ஸ்பெக்டரையும் பார்த்து, பணம் வருவதற்குள் பருவம் போய்விடும். வரியை வசூலிக்கும் கையே கடனையும் வசூலித்ததால், பஞ்ச காலத்தைத் தவிர மற்ற நாட்களில் மக்கள் அதை நாடவில்லை.

மாற்று வழி தேடச் சென்னை அரசு பிரெடரிக் நிக்கல்சன் என்னும் ஐ.சி.எஸ். அதிகாரியைப் பணித்தது. கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை 1887இல் எழுதியவர் அவர். தமிழ்க் கிராமத்தை நேரில் அறிந்தவர். ஐரோப்பாவின் விவசாய வங்கிகளை ஆராய்ந்து 1895லும் 1897லும் இரு தொகுதிகளாக அவர் அளித்த அறிக்கை, ஜெர்மனியில் ரைஃபைசன் 1864இல் ஹெட்டெஸ்டார்ஃபில் தொடங்கிய கிராமக் கடன் சங்கத்தை முன்மாதிரியாகக் காட்டியது. பத்திரத்தைவிட, ஒருவரை ஒருவர் அறிந்த ஊராரின் கூட்டுப் பொறுப்பே நல்ல ஈடு என்பது ரைஃபைசன் முறையின் உயிர்நாடி. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் ஒரு விவசாயக் கடன் சங்கம் பதிவாயிற்று. நிக்கல்சன் அதன்பின் மீன்வளத்தின் பக்கம் திரும்பி, சென்னை மாகாண மீன்வளத் துறையை உருவாக்கினார். தமிழகமும் மலபார்க் கரையும் அவருக்குப் பட்டிருக்கும் கடனை யாரும் நினைவுகூர்வதில்லை.

கொச்சி 1913லும் திருவிதாங்கூர் 1914லும் கூட்டுறவுச் சட்டம் இயற்றின. 1915இல் திருவனந்தபுரம் மத்தியக் கூட்டுறவு வங்கி அமைந்தது. கேரளம் உருவானபின் மாநிலக் கூட்டுறவு வங்கியானது அதுவே. 2019 நவம்பரில் மாவட்டக் கூட்டுறவு வங்கிகளை அதோடு இணைத்து ‘கேரள வங்கி’ ஆக்கினார்கள். பெயர் நெருக்கத்தால் பலரும் இதைக் கேரள கிராமின் வங்கியோடு குழப்பிக்கொள்கிறார்கள். முன்னது கூட்டுறவு, தலைமையகம் திருவனந்தபுரம். பின்னது மத்திய அரசின் பெரும்பங்கு கொண்டது, தலைமையகம் மலப்புறம்.

கூட்டுறவு எவ்வளவு தூரம் போயிற்று என்பதை அளந்து சொன்னது அகில இந்திய கிராமக் கடன் ஆய்வு. ஏ. டி. கோர்வாலா தலைமையிலான குழு 1954இல் அதன் அறிக்கையை அளித்தது. 1951-52இல் விவசாயிகள் வாங்கிய கடனில் தொழில்முறை வட்டிக்காரர் தந்தது 44.8 விழுக்காடு, விவசாயம் செய்துகொண்டே வட்டிக்கு விடுபவர் தந்தது 24.9, அரசு 3.3, கூட்டுறவு 3.1, வணிக வங்கி 0.9. சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆகியும் கூட்டுறவின் பங்கு நூற்றில் மூன்று. கிராமத்துச் செல்வாக்குள்ளவனே சங்கத் தலைவன், அவனே வட்டிக்கடைக்காரன், அவனே நெல் வியாபாரி என்று இருக்கும் இடத்தில், ஏழைக்குச் சாதகமாகச் சங்கம் இயங்காது என்று குழு கண்டது. அதற்காகக் கூட்டுறவைக் கைவிடச் சொல்லவில்லை. அரசே பங்குதாரராகி அதைத் தாங்க வேண்டும் என்றது.

அதே அறிக்கையின் விளைவாக இம்பீரியல் வங்கி 1955 ஜூலை 1 அன்று பாரத ஸ்டேட் வங்கி ஆயிற்று. ஐந்தாண்டில் 400 புதிய கிளைகள் திறக்க வேண்டும் என்பது அதற்கு இட்ட பணி. அதன் முதல் தலைவர் ஜான் மத்தாய். மலபார்க்காரரான அவர், விவசாயக் கூட்டுறவு பற்றி 1925இலேயே நூல் எழுதியவர். நேரு அமைச்சரவையில் நிதி அமைச்சராக இருந்தவர். அரசு வங்கி கிராமத்துக்குப் போகவேண்டும் என்ற எண்ணத்தை அதிகாரத்தோடு செயலாக்கும் இடத்தில் முதலில் அமர்ந்தவர் ஒரு கேரளத்தவர் என்பது பதிவு செய்யத் தக்கது.

1975: ஒரு மாதத்தில் ஓர் அறிக்கை

1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. அடுத்து முன்னோடி வங்கித் திட்டத்தில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு வங்கி பொறுப்பேற்றது; திருவனந்தபுரம் மாவட்டம் இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கு வந்தது. கிளைகள் திறக்கப்பட்டன. ஆனால் நகரத்துச் சம்பளம் வாங்கும், நகரத்துக்கு மாற்றல் கேட்டபடியே இருக்கும் ஊழியரைக் கொண்டு ஐந்நூறு ரூபாய்க் கடன்களை நடத்துவது வங்கிக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆர். ஜி. சரையா தலைமையிலான வங்கி ஆணையம் 1972இல் கிராமத்துக்கென்று தனி வங்கி வேண்டும் என்றது.

நெருக்கடி நிலை அறிவித்த சில நாட்களில், 1975 ஜூலை 1 அன்று, இருபது அம்சத் திட்டம் வெளியானது. கிராமக் கடன் தள்ளுபடியும் மாற்றுக் கடன் ஏற்பாடும் அதில் இருந்தன. அன்றே எம். நரசிம்மம் தலைமையில் கிராம வங்கிகளுக்கான பணிக்குழு அமைந்தது. அம்மாத இறுதிக்குள் அறிக்கை தந்தது. செப்டம்பர் 26 அன்று அவசரச் சட்டம். அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில், ஐந்து வங்கிகள் திறப்பு. மொராதாபாத்தில் பிரதமா வங்கி, கோரக்பூர், ஹரியானாவின் பிவானி, ராஜஸ்தானின் ஜெய்ப்பூர்-நாகௌர், மேற்கு வங்கத்தில் மால்டாவின் கௌர் கிராம வங்கி ஆகியவை அவை. தென்னிந்தியாவில் ஒன்றுகூட இல்லை. நெருக்கடி நிலையின் அவசரத்தில் பிறந்தது என்பதற்காக இத்திட்டத்தைக் குறை சொல்பவர்கள் உண்டு. இருபதாண்டு விவாதித்த யோசனை மூன்று மாதத்தில் நிறைவேறியது என்பதே சரியான பார்வை.

நரசிம்மம் குழுவின் யோசனை எளியது. கூட்டுறவுக்கு ஊரின் பரிச்சயம் இருக்கிறது, பணமும் நிர்வாகத் திறனும் இல்லை. வணிக வங்கிக்குப் பணமும் திறனும் இருக்கிறது, ஊரின் பரிச்சயம் இல்லை. இரண்டையும் ஒன்றுசேர்த்த வங்கி ஓரிரு மாவட்டங்களுக்குள் இயங்க வேண்டும். உள்ளூர் மொழி பேசும் உள்ளூர் ஆட்களைச் சேர்த்து, மாநில அரசு ஊழியருக்கு நிகரான சம்பளம் தர வேண்டும். அங்கீகரித்த மூலதனம் 1 கோடி ரூபாய். வெளியிட்டது 25 லட்சம். கடன் சிறு விவசாயி, குறு விவசாயி, கூலி, கைவினைஞர் ஆகிய இலக்குப் பிரிவினருக்கு மட்டும்.

மலபாரின் இரு வங்கிகள்

1976 டிசம்பரில் கேரளத்துக்கு இரண்டு வங்கிகள் கிடைத்தன. கனரா வங்கியின் ஆதரவில் மலப்புறத்தில் தென் மலபார் கிராமின் வங்கி. சிண்டிகேட் வங்கியின் ஆதரவில் கண்ணூரில் வட மலபார் கிராமின் வங்கி. இரண்டும் வடக்கே. தலைநகர் இருக்கும் தெற்குக்கு ஒன்றும் இல்லை.

தெற்கில் வணிக வங்கிக் கிளைகள் ஏற்கெனவே நெருக்கமாக இருந்தன என்பது இதற்கு வழக்கமாகக் கூறப்படும் விளக்கம். அது பாதி விளக்கம்தான். மற்ற பாதி நிலத்தில் இருக்கிறது. சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்த மலபாரில் ஜன்மிக்குக் கீழே காணக்காரன், அவனுக்குக் கீழே பாட்டக்காரன் என்று அடுக்கு நீண்டது. உழுதவனிடம் பத்திரம் இல்லை. கோழிக்கோட்டில் அப்பு நெடுங்காடி 1899இலேயே நெடுங்காடி வங்கியைத் தொடங்கியிருந்தும் அது நகரத்து வணிகத்தோடு நின்றது. திருவிதாங்கூர்க் குடியானவன் 1865இல் பெற்றதை மலபார்க் குடியானவன் நூறாண்டுக்குப் பின்னரே பெற்றான். 1963ஆம் ஆண்டின் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் 1969இல் திருத்தம் பெற்று, 1970 ஜனவரி 1 அன்று குத்தகை முறை ஒழிந்தது. பத்திரம் கைக்கு வந்த லட்சக்கணக்கான புதிய சொந்தக்காரர்களுக்குத் தென்னங்கன்று வைக்கவும் கிணறு வெட்டவும் கடன் தேவைப்பட்ட நேரத்தில் கிராம வங்கி வந்தது. நாட்டின் மற்ற பகுதிகளில் வங்கிகள் நட்டத்தில் விழுந்தபோதும் மலபாரில் அவை காலூன்றியதற்கு இந்தப் பொருத்தமே முதற்காரணம். வளைகுடாவுக்குப் போனவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் வைப்பாக வந்து சேர்ந்தது இரண்டாவது காரணம். நகைக்கடன் மூன்றாவது. பவுனை வைத்துப் பத்து நிமிடத்தில் பணம் பெறுவது வட்டிக்கடையில்தான் முடியும் என்ற நிலையை மாற்றியதில் கிராமின் வங்கிகளின் பங்கு பெரிது.

தென் மலபார் வங்கி பின்னர் தெற்கு மாவட்டங்களுக்கும் பரவியது. 2013 ஜூலை 8 அன்று இரு வங்கிகளும் இணைந்து கேரள கிராமின் வங்கி ஆயின. மாநிலம் முழுவதையும் எல்லையாகக் கொண்டதால் திருவனந்தபுரம் மாவட்டமும் அதனுள் வந்தது. சிண்டிகேட் வங்கி 2020 ஏப்ரலில் கனரா வங்கியோடு இணைந்துவிட்டதால், இரு மலபார் வங்கிகளின் தாய்வீடுகளும் இன்று ஒன்றே.

தலைநகரில் வங்கிக் கிளைகள் நெருங்கியிருந்ததால் அங்கே வட்டிக்காரர் இல்லாமல் போகவில்லை. பிளேடு கம்பெனி என்று மக்கள் அழைத்த தனியார் நிதி நிறுவனங்களும் வீட்டு வாசலுக்கு வந்து நாள்வட்டி வசூலிப்பவர்களும் திருவனந்தபுரத்தின் தெற்குப் பகுதிகளில் வேரோடியிருந்தார்கள். 1958இலேயே கேரளத்தில் வட்டிக்கடைச் சட்டம் வந்துவிட்டது. அப்படியிருந்தும் 2014 மே மாதத்தில் ‘ஆப்பரேஷன் குபேரா’ என்ற பெயரில் காவல்துறை மாநிலம் முழுவதும் வேட்டை நடத்தவேண்டி வந்தது. கிளைகளின் எண்ணிக்கையை வைத்து ஓர் ஊருக்குக் கடன் வசதி இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. ஈடு காட்ட முடியாத மீன்காரிக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் அந்தக் கிளையில் என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த இடைவெளியைக் கேரளத்தில் வங்கியைவிட அதிகம் அடைத்தது 1998இல் தொடங்கிய, பெண்களின் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீ. தேசிய விவசாய, ஊரக மேம்பாட்டு வங்கியான நபார்டு 1992இல் தொடங்கிய சுயஉதவிக் குழு-வங்கி இணைப்பு அதற்கு முன்பே வழி போட்டிருந்தது.

சரிவும் சீரமைப்பும்

1987க்குள் நாட்டில் 196 கிராம வங்கிகள் ஆயின. 1982 ஜூலை 12 அன்று உருவான நபார்டு அவற்றை மேற்பார்வையிட்டது. ஆனால் ஏழைகளுக்கு மட்டுமே, குறைந்த வட்டிக்கு மட்டுமே கடன் தரலாம் என்ற கட்டுப்பாடு கையைக் கட்டியது. 1990இல் ஓபுல் ரெட்டி தீர்ப்பாயம் ஊழியர் சம்பளத்தை ஆதரவு வங்கிகளுக்கு நிகராக உயர்த்தியது. நியாயமான தீர்ப்பு, ஆனால் செலவுக் கணக்கு தலைகீழாயிற்று. அதே ஆண்டு 10,000 ரூபாய் வரையிலான கடன்களைத் தள்ளுபடி செய்த திட்டம் வசூலைத் தளர்த்தியது. 1993இல் 196 வங்கிகளில் 172 நட்டத்தில் இருந்தன. வசூல் ஏறத்தாழ 40 விழுக்காடு.

ஏழை திருப்பித் தரமாட்டான் என்பதற்கு இந்த எண்களைச் சான்று காட்டுவது வழக்கம். அது தவறு. பத்து ரூபாய் வட்டி வரும் இடத்தில் பன்னிரண்டு ரூபாய் செலவு வைக்கும்படி சட்டமே அமைந்திருந்தது. 1992க்குப் பின் இலக்குப் பிரிவுக்கு வெளியேயும் கடன் தர அனுமதித்து, 1996இல் வட்டி விகிதத்தைத் தளர்த்தி, மூலதனத்தையும் நிரப்பியதும், அதே கிராமங்களில், அதே மக்களோடு வங்கிகள் லாபத்துக்குத் திரும்பின. கடன்பட்டவரின் குணம் அதற்குள் மாறிவிடவில்லை.

2005இல் இணைப்புகள் தொடங்கின. ஒரே ஆதரவு வங்கியின் கீழ் ஒரே மாநிலத்தில் இருந்தவை முதலில் சேர்ந்தன. பிறகு வெவ்வேறு ஆதரவு வங்கிகளுடையவையும். தமிழ்நாட்டில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் ஆதரவில் 1977 மார்ச்சில் பிறந்து, பழைய திருவிதாங்கூர்ப் பகுதியான கன்னியாகுமரி மாவட்டம் வரை பரவிய பாண்டியன் கிராம வங்கி விருதுநகரிலிருந்து இயங்கியது. தருமபுரியின் அதியமான், கடலூரின் வள்ளலார் ஆகிய கிராம வங்கிகள் 2006இல் இணைந்து பல்லவன் கிராம வங்கி ஆயின. பாண்டியனும் பல்லவனும் 2019 ஏப்ரல் 1 அன்று ஒன்றாகி, சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கி உருவானது; ஆதரவு இந்தியன் வங்கி. ஓரிரு மாவட்டத்துக்குள் இயங்கி ஊராரை அறிந்திருக்க வேண்டும் என்ற நரசிம்மம் குழுவின் அடிப்படை யோசனை இந்த இணைப்புகளால் கைவிடப்பட்டது. செலவு குறைந்தது உண்மை. விருதுநகரில் முடிவான விஷயம் இப்போது சேலத்துக்குப் போகிறது என்பதும் உண்மை.

இலங்கையும் இதே பாதையில் நடந்தது. அங்கு 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தோன்றிய பிராந்திய கிராம அபிவிருத்தி வங்கிகள், பல கட்ட இணைப்புகளுக்குப் பின், 2010இல் பிரதேச அபிவிருத்தி வங்கி என்ற ஒரே நிறுவனம் ஆயின.

இன்றைய நிலை

2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அங்கீகரித்த மூலதனத்தை 2,000 கோடி ரூபாயாக உயர்த்தி, தனியார் பங்குக்கும் கதவைத் திறந்தது. மத்திய அரசும் ஆதரவு வங்கியும் சேர்ந்து 51 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது என்ற வரம்போடு. 2023-24இல் கிராம வங்கிகள் அனைத்தும் சேர்ந்து 7,571 கோடி ரூபாய் நிகர லாபம் ஈட்டின. ‘ஒரு மாநிலம், ஒரு கிராம வங்கி’ என்ற கொள்கையின்படி 2025 மே 1 அன்று 43 வங்கிகள் 28 ஆகக் குறைந்தன. அவற்றுக்கு 22,000க்கும் மேற்பட்ட கிளைகள் உள்ளன. கடனில் 75 விழுக்காடு முன்னுரிமைத் துறைகளுக்குப் போக வேண்டும். கேரளத்தில் 2013இலேயே ஒன்றாகிவிட்டதால் அங்கே இணைப்பு எதுவும் தேவைப்படவில்லை. கேரள கிராமின் வங்கி 600க்கும் மேற்பட்ட கிளைகளோடு, மத்திய அரசு 50, கனரா வங்கி 35, கேரள அரசு 15 என்ற பழைய பங்கு விகிதத்திலேயே மலப்புறத்திலிருந்து இயங்குகிறது.